மூன்றாம் கம்பியில் ஓர் இரைச்சல்

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்த பிறகு யாரும் என்னிடம் பேசக் கூடாது, நானும் யாரிடமும் பேசக் கூடாது.

ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை காதில் ஹெட்செட். எந்த டாக்டர் எப்போது வருவார், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கன்னடத்தில் கேட்பார், அடுத்தவர் இந்தியில், அதற்கும் அடுத்தவர் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் கோபப்படுவார். கோபப்படுகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். பயத்தை மறைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான் என்னைக் களைப்படையச் செய்வார்கள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்த பிறகும் காதுமடல் வெகுநேரம் சூடாகவே இருக்கும். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உடனே கண்ணை மூடிக்கொள்வேன். தூக்கம் வருவதற்காக அல்ல. கண்ணை மூடியிருக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வீடு பெங்களூர் காக்ஸ் டவுனில். பழைய வீடொன்றின் தரைத்தளத்தில் பாதி எங்களுக்கு. அதில் முன்னறை என் கணவருடையது. ஜன்னலுக்குக் கீழே நீளமான மேசை, அதன்மேல் விரித்த பழைய கம்பளி, சுவரில் கொக்கிகளில் தொங்கும் கிட்டார்கள். அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ப்ரெஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து உருவம் கொடுக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்தப் பிரிவை மூடியபோது விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்ச்சில் தமிழ் ஆராதனைக்கு இளவயதிலிருந்தே அவர்தான் பேஸ் கிட்டார் வாசிப்பார். பாட்டுக் குழுவில் யாருடைய கிட்டாருக்கு எது வந்தாலும் அவரிடம் கொண்டுவருவார்கள். ஓய்வுக்குப் பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்குப் போனபின் முன்னறை முழுவதும் அவருடையதாகிவிட்டது.

ரெசனேட்டர் என்ற வகைக் கிட்டார் ஒன்று ஜூன் மாதத்து மழையில் வந்தது. கொண்டுவந்தவர் அல்சூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், ஒரு கூரியர் கம்பெனியின் கோடவுனில் சூப்பர்வைசர். முழுக்க நனைந்துபோய் வந்து நின்றார். கிட்டார் பையை மட்டும் மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் சர்ச்சில் வாசிக்க வேண்டும் என்றார். ஆனால் கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன, சத்தமும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வருகிறது என்றார்.

அப்படி ஒரு கிட்டாரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உடம்பு மரம்தான், கருஞ்சிவப்பு. ஆனால் நடுவில் வட்ட ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், பூவேலை செய்து துளை போட்ட உலோகத் தட்டு ஒன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. காரின் சக்கரத்து மூடி மாதிரி. என் கணவர் அன்று சாயங்காலமே அதைத் திறந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றிய கையோடு கூப்பிட்டுக் காட்டினார். தட்டுக்குக் கீழே மெல்லிய அலுமினியத்தில் ஒரு கூம்பு, அகலமான கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல. அதை அவர் கோன் என்றார். கோனின் உச்சியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு மர வட்டு. வட்டின் மேல் நிற்கும் சின்ன மரத்துண்டின்மீதுதான் ஆறு கம்பிகளும் ஏறி இறங்குகின்றன. கம்பி அதிர்ந்தால் மரத்துண்டு அதிரும், அது கோனை அதிரவைக்கும். பழைய காலத்து ஒலிபெருக்கி மாதிரி கரண்ட் இல்லாமலே சத்தம் பெரிதாகும். இதையெல்லாம் அவர் உற்சாகமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டுக் காலைக் கழுவப் போனேன்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் அதோடுதான் இருந்தார். கிட்டாரின் கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி நிமிர்த்தினார். ஒரேயடியாக முறுக்கக் கூடாது, மரத்துக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்பார். கோனின் மேலிருந்த மரத்துண்டில் விரிசல் கண்டிருந்தது. உடைந்த வயலின் ஒன்றின் பிரிட்ஜிலிருந்து வேறொரு துண்டை அறுத்துத் தேய்த்து ஒட்டினார். அதில் கம்பி உட்காருவதற்கு ஆறு பள்ளங்கள். பள்ளம் ஆழமானால் கம்பி அழுத்தாது, கோன் தூங்கிவிடும். ஆழம் போதாவிட்டால் கம்பி உயரமாக நின்று விரல் வலிக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், கம்பியைப் போட்டுப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். நான் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அரம் தேய்க்கும் சத்தம் பல்லில் கூசும். கதவைச் சாத்திக்கொள்வேன்.

சூப்பர்வைசர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்தார். மூன்றாம் கம்பியை மீட்டும்போது கூடவே ஏதோ இரைகிறது என்றார். அவர் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். என் கணவர்தான் அதைப் பிறகு ஒரு குறையாக என்னிடம் சொன்னார். இவர் வாசித்துப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம். இருந்தாலும் தட்டின் திருகாணிகளை எல்லாம் இறுக்கிக் கொடுத்தாராம். அதற்கு அடுத்த வாரமும் கிட்டார் திரும்பி வந்தது. வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் என் கணவரை உறுத்தியது. கோபப்பட்டிருந்தால் இவரும் நாலு வார்த்தை பேசி அனுப்பியிருப்பார்.

மூன்றாவது முறை அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் டீ கொண்டு போய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து மூன்றாம் கம்பியை மட்டும் மீட்டினார்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பியின் சத்தத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு சன்னமாக ஒரு இரைச்சல். கம்பி அடங்கிய பிறகும் அது ஒரு நொடி நின்று அடங்கியது.

என் கணவர் கிட்டாரை வாங்கித் தன் மடியில் வைத்து அதே கம்பியை மீட்டினார். அப்போதும் கேட்டது, ஆனால் குறைவாக. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இல்லையே என்றார். சூப்பர்வைசர் சங்கடத்தோடு, “இருக்குண்ணா. ஸ்வல்பம்தான். ஆனா இருக்கு” என்றார். என் கணவர் மறுபடி மீட்டினார். மறுபடி இல்லையே என்றார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

நான் டீத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தப் பஞ்சாயத்தே வேண்டாம், துணி மடிக்கப் போனால் போதும் என்றிருந்தது. ஆனால் பார்த்துவிட்டாரே.

“இருக்குங்க. எனக்கும் கேக்குது” என்றேன்.

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஏதோ ஒன்றைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்ட ஆள் மாதிரி இருந்தார். சூப்பர்வைசர் டீயை வேகமாகக் குடித்துவிட்டு, அவசரமில்லை, கிட்டார் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.

நான் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது அவர் கேட்டார்.

“எப்படி இருக்கு அது?”

“எது?”

“அந்தச் சத்தம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. சொல்லிப் பார்த்தேன். கம்பியோடு சேர்ந்து சன்னமாக ஒன்று வருகிறது, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கம்பியை மீட்டினார்.

“இப்ப வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எனக்கு வரல” என்றார். கிட்டாரை மேசையில் வைத்துவிட்டு, “மேல இருக்கற சத்தம் எதுவும் வரதில்ல. கீழ இருக்கறதுதான் வருது” என்றார்.

நான் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார். ப்ரெஸ் ஷாப்பில் இருந்தபோதே தொடங்கியிருக்கும். பேஸ் கிட்டாரில் எல்லாம் கீழ்ச்சத்தம்தான், அதை வாசிப்பதற்கு ஒரு குறையும் இல்லாததால் கவனிக்கவில்லை. காலையில் ஜன்னலுக்கு வெளியே குருவிச் சத்தம் இல்லை என்று ஒருநாள் உறைத்ததாம். கட்டடங்கள் வந்து குருவிகள் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு ஒருநாள் குருவி மதில்மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாராம்.

எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டால் அது பீப் அடித்துக்கொண்டே இருக்கும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எழுந்து சாத்துவதற்கு இவ்வளவு சோம்பலா என்று நான் போய்ச் சாத்துவேன். மேசையில் அவருடைய போன் அடித்து ஓய்ந்துவிடும். நான் சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. முன்னெல்லாம் வந்து எதிரில் நின்று கேட்பேன். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன். ஓய்வு பெற்ற ஆண்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது, பெண்டாட்டி பேசுவது காதில் விழாது என்று அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரித்ததற்குப் பிறகு வீட்டுக்கு வந்து அந்த மௌனத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“நான் கூப்பிடறது கேக்குமா, கேக்காதா?” என்றேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “கூப்பிடறன்னு தெரியும். என்ன சொல்றன்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிடுவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் காதின்மேல் கோபப்பட முடியாது. சொல்லாமல் வைத்திருந்ததற்காகக் கோபப்பட்டேன். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களுக்குச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உங்களுக்கு இன்னொரு தரம் சொல்ல மாட்டேனா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் முன்பே சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாக இன்னொரு தரம் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. எழுந்து போய் மிச்சத் துணியை மடித்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து நான் அவருடைய காதானேன். யாரும் அப்படித் தீர்மானம் போடவில்லை. நான் வந்து முகம் கழுவி டீ குடித்து முடிக்கும்வரை பொறுத்திருப்பார். பிறகு முன்னறையிலிருந்து ஸ்டூலை நகர்த்தும் சத்தம் வரும். நான் போய் உட்காருவேன். அவர் கம்பியை மீட்டுவார், நான் இருக்கிறது அல்லது இல்லை என்பேன். பாஷையே அவ்வளவுதான்.

முதலில் கோன்மீது சந்தேகப்பட்டார். அது உட்காரும் மர விளிம்பு சமமாக இல்லாவிட்டால் அங்கங்கே உரசி இரையும் என்றார். கம்பிகளைத் தளர்த்தி, தட்டைக் கழற்றி, கோனை வெளியே எடுத்தார். விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்தார். கோனை அதன்மேல் வைத்து மெல்லத் திருப்பி எடுத்துப் பார்த்தார். கோனின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை ஒட்டவில்லை. மழை ஈரத்தில் விளிம்பு அங்கே இறங்கியிருந்தது. உப்புத்தாளால் மற்ற பக்கங்களைத் தேய்த்துச் சமமாக்க இரண்டு நாள் ஆயிற்று. மறுபடி பூட்டி, மேசையில் கம்பளிமேல் படுக்கவைத்து மீட்டினார். இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கையில் எடுத்து மடியில் வைத்து மீட்டினார்.

“இருக்கு” என்றேன்.

அதன்பிறகு தட்டின் திருகாணிகள், ஒவ்வொன்றாக. பிறகு கம்பிகளின் வால்பக்கத்தைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டு. அதற்கும் தட்டுக்கும் நடுவில் மெத்தென்ற துணியைச் சொருகினார். பிறகு கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் முறுக்காணிகள். ஒவ்வொரு முறையும் மேசையில் இல்லை, மடியில் இருக்கிறது. எனக்கே என் காதின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஹெட்செட்டில் நாளெல்லாம் ஓடும் இரைச்சல் உள்ளேயே தங்கிவிட்டதோ என்னவோ. ஒருமுறை அவர் மீட்டுவதற்கு முன்பே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

அந்த வாரக் கடைசியில் வேலையிடத்தில் மோசமான நாள் ஒன்று. கம்ப்யூட்டர் நின்றுபோய், காத்திருந்த அழைப்புகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு அம்மா தன் மகனுடைய ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. டாக்டரைப் பாருங்கள் என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது ஸ்டூல் தயாராக இருந்தது.

“இன்னிக்கு என்னால முடியாதுங்க. எதையும் கேக்க முடியாது” என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தபடி நின்றார். அன்று அவர் தலையாட்டவில்லை. “என்ன சொன்ன?” என்று கேட்டார். நான் இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன். அவர் கிட்டாரின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மாவு இருந்தது. தோசை சுட்டுக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு மறுபடி உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் கண் சொருகியது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வாசிக்கத் தெரியாது. கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் முழங்காலின்மேல் நிறுத்தி, சும்மா மூன்றாம் கம்பியை இழுத்துவிட்டேன். இரைச்சல் அதுவரை கேட்டதிலெல்லாம் பெரிதாகக் கேட்டது. கிட்டார் சாயாமல் இருக்க இன்னொரு கையால் பின்பக்கத்தைத் தாங்கினேன். தாங்கிய கையோடு இன்னொரு முறை மீட்டினேன். சத்தம் சுத்தமாக இருந்தது. கையை எடுத்தேன், இரைந்தது. வைத்தேன், நின்றது.

அவர் திரும்பி வந்ததும் கையை வைத்தும் எடுத்தும் காட்டினேன். அவருக்கு வித்தியாசம் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவருடைய கையைப் பிடித்து, விரல் நுனிகளை மட்டும் பின்பலகையில் வைக்கச் சொல்லிவிட்டுக் கம்பியை மீட்டினேன். அவர் விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். கழுத்துக்கு நேர்கீழே, நடுவுக்கு வரும் முன் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க நடுங்குது” என்றார். “தனியா நடுங்குது.”

மேசையில் படுத்திருக்கும்போது கம்பளி பின்பலகையை அழுத்திக்கொள்கிறது. அவர் மடியில் வைத்தால் வயிறு பாதி அழுத்துகிறது, இரைச்சல் குறைகிறது. சூப்பர்வைசர் ஒல்லியான ஆள், பலகை அவர்மேல் படாது. அவ்வளவு நாளும் நாங்கள் முன்பக்கத்தையே பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

மறுபடி எல்லாம் கழற்றினார். கோனை எடுத்துவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுப் பார்த்தார். கிட்டாரின் கழுத்து உடம்பு தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுவதில்லையாம். ஒரு கட்டையாக உடம்புக்குள்ளேயும் நீண்டு போகிறது. அந்தக் கட்டைக்கும் பின்பலகைக்கும் நடுவே முட்டுக் கொடுப்பது போல ஒரு சின்ன மரத்துண்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். பசை விட்டுப்போயிருந்தது. துண்டு விழவும் இல்லை, நிற்கவும் இல்லை, இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கம்பியின் அந்த ஒரு சுருதிக்கு மட்டும் பலகையோடு சேர்ந்து படபடத்திருக்கிறது. அவர் விரலை உள்ளே விட்டு அதை அசைத்துக் காட்டினார். நகம் அளவுக்கு ஒரு துண்டு. பார்த்துவிட்டு நான் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். அவர் பழைய பசையைச் சுரண்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

பசை நன்றாகக் காயும்வரை அவர் அதைத் தொடவில்லை. பிறகு புதிதாகத் தொடங்குவது போல மறுபடி எல்லாவற்றையும் செய்தார். கோனை உட்காரவைத்து, தட்டைப் பூட்டி, புதுக்கம்பிகள் போட்டு, கழுத்தின் வளைவைப் பார்த்து, மரத்துண்டின் பள்ளங்களை ஒரு இழுப்பு சரிசெய்து, கம்பியின் உயரத்தை நாணயத்தை இடையில் நுழைத்து அளந்தார். கடைசியில் எழுந்து நின்று, கிட்டாரை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு மூன்றாம் கம்பியை மீட்டினார். நான் இல்லை என்றேன். இன்னொரு முறை மீட்டினார். இல்லை. ஆறு கம்பிகளையும் மீட்டினார். அந்தச் சத்தம் அறை முழுக்க நின்றது. மரத்தின் சூடும் உலோகத்தின் கூர்மையும் சேர்ந்த சத்தம். நன்றாக இருந்தது. அதில் எவ்வளவு பங்கு அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் வந்து வாசித்துப் பார்த்தார். ஒல்லி மடியில் ஒரு பாமாலைப் பாட்டின் முதல் வரியை வாசித்தார், பிறகு மூன்றாம் கம்பியை மட்டும் தனியாக. தலையை நிமிர்த்திச் சிரித்தார். அப்போது என் கணவர், நான் எதிர்பார்க்காதபோது, அவரிடம் சொன்னார்.

“எனக்குச் சன்னமான சத்தம் கேக்காதுப்பா. அதான் மூணு தடவ உங்கள அலையவிட்டுட்டேன். இது இவங்க கேட்டுச் சொன்னது.”

அந்த மனிதர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடவுனில் ஸ்கேன் பண்ணும் மெஷின் நாளெல்லாம் பீப் அடிப்பதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குழந்தை அழுதால்கூடத் தனக்கு அது பீப் மாதிரிதான் கேட்கிறது என்றார். என்னைப் பார்த்து, “அக்கா, உங்களுக்கு நல்ல காது” என்றார். அந்தக் காதுகளை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருந்தது எனக்கு.

அதற்கப்புறம் என் கணவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக மாதங்கள் ஆயின. அவர் தள்ளிப்போட்டார், நானும் தள்ளிப்போட்டேன். எங்கள் மருத்துவமனையிலேயே காண்பிக்கலாம் என்றால் விடுமுறை நாளில் மறுபடி அங்கே போக எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் ஒரு வேலைநாளில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சிவாஜிநகர் பக்கம் வேறொரு கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடிக்கடி அமுக்கினார். பிறகு வெகுநேரம் அமுக்காமல், பரீட்சையில் கேள்வி புரியாதவர் மாதிரி, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தை இயக்கிய பெண் திரையைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்றை, பழகிப் பார்க்கட்டும் என்று அன்றே பொருத்திவிட்டார்கள். அந்தப் பெண் அவருடைய காதில் அதைச் சரிசெய்துவிட்டு, ஏதாவது பேசுங்கள் என்று என்னிடம் சொன்னாள். சாப்பாட்டுக்கு நேரமாயிற்று, வெளியிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்றார்.

“எப்படி?”

“களைச்சுப் போய் இருக்கு.”

அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தினமும் எத்தனையோ பேர் அந்தக் குரலைக் கேட்கிறார்கள். ஒருவரும் அதை என்னிடம் சொன்னதில்லை. வேலை அப்படி என்று சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டினார். இந்த முறை கேட்டுத்தான் ஆட்டினார்.

கருவியை இப்போதும் அவர் நாளெல்லாம் போட்டுக்கொள்வதில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுவதுகூட மழை பெய்வது மாதிரி இருக்கிறதாம், அரம் தேய்க்கும் சத்தம் தாங்கவில்லையாம். கிட்டாரைச் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்கிறார். அதிலும் சில சத்தங்கள் பிடிபடுவதில்லை, அப்போது ஸ்டூல் நகரும். கொண்டுவருகிறவர்களிடம் தன் காதைப் பற்றி அவரே சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டபின் ஒன்றிரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். போகட்டும் என்றார். நான் ஏதாவது சொன்னால், விளங்காதபோது இன்னொரு தரம் சொல்லு என்கிறார். சில நாள் சொல்கிறேன். சில நாள் கையைக் காட்டி அப்புறம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறேன். அதற்கு அவர் வருத்தப்படுவதில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஹாரன் சத்தத்தில் முகத்தைச் சுளித்தவர், கருவியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்று உண்மையாகவே தூங்கிவிட்டேன், அவரும்தான். கண்டக்டர் தோளைத் தட்டி, இறங்குங்கள், இதுதான் கடைசி என்று கன்னடத்தில் சொன்னபோதுதான் விழித்தோம். காக்ஸ் டவுனைத் தாண்டி லிங்கராஜபுரம் வந்திருந்தது. திரும்பிப் போக அந்தப் பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், வந்ததும் கிளம்பும் என்றார். நடக்கிற தூரம்தான். ஆனால் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.